அக்காவின் முப்பது அடி

வெள்ளைச் சுண்ணாம்புப் பொடியைப் பிடி பிடியாக அள்ளி, மலைச்சரிவில் குறுக்குக் கோடுகள் போட்டுக்கொண்டே போனார் அன்னலிஸ். டேப்பின் ஒரு முனையைப் பிடித்தபடி அவருக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால் எங்கள் ஊர் மொத்தமும்.

அன்னலிஸ் ஹாலந்துக்காரர். தண்ணீர்க் குழாய் வேலைக்கென்றே படித்த இன்ஜினீயர். மேலே காட்டில் இருக்கும் ஊற்றிலிருந்து எங்கள் வீடுகள் வரை குழாய் புதைக்க, அவருடைய நாட்டுத் தொண்டு அமைப்பு ஒன்று அவரை அனுப்பியிருந்தது. குழாய், சிமென்ட், வால்வு எல்லாம் அவர்கள் கொடுப்பார்கள். பள்ளம் தோண்டுவது எங்கள் பொறுப்பு. வீட்டில் பெரியவர்கள் எத்தனை பேரோ, ஆளுக்கு முப்பது அடி. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு குடும்பத்தின் பங்கு.

எங்கள் முறை வந்தது. பட்டியலைப் பார்த்து, "மூணு பேர், தொண்ணூறு அடி" என்று படித்தேன்.

அப்பா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "நாலு பேருங்க" என்றார்.

அம்மா சட்டென்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அப்பா, அம்மா, நான். எங்கள் வீட்டில் அப்போது மூன்று பேர்தான். நாலாவது ஆளின் பெயரை யாரும் சொல்லி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சொல்லக்கூடாது என்று உத்தரவு போட்டவரே அப்பாதான்.

"என்ன சொல்கிறார்?" என்று அன்னலிஸ் என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

"என் அக்காவையும் சேர்த்துச் சொல்கிறார்."

"அக்கா எங்கே?"

"சேலத்தில்."

"இங்கே இல்லாதவருக்காகத் தோண்ட வேண்டியதில்லை என்று அப்பாவிடம் சொல்."

அப்பாவின் பக்கம் திரும்பினேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். "சரிங்கறாங்கப்பா" என்றேன்.

அன்னலிஸ் ஒரு நிமிஷம் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு டேப்பை இன்னும் முப்பது அடி இழுத்துக் கோடு போட்டார். பல மாதம் கழித்து, ஊரை விட்டுக் கிளம்பும்போது சொன்னார்: "சரி என்கிற வார்த்தை எனக்கு அப்போதே தெரியும், ஜோதி."

பெட்டியில் வந்த ஸ்வெட்டர்கள்

எழுபதுகள் முடிந்து எண்பது பிறந்த காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டிலிருந்து கரடியூர் போகிற பாதையில், எஸ்டேட் லைன் வீடுகளில் இடம் போதாமல் வெளியே வந்து குடிசை போட்டுக்கொண்ட முப்பது குடும்பங்கள் நாங்கள். தாத்தா காலத்தில் கீழ்நாட்டிலிருந்து காப்பித் தோட்டத்துக்குப் பிழைக்க வந்தவர்கள்.

வெளிநாட்டு உதவி எங்களுக்குப் புதிதில்லை. எனக்கு ஆறேழு வயது இருக்கும்போது மரப்பெட்டியில் கம்பளி ஸ்வெட்டர்கள் வந்தன. யாரோ முகம் தெரியாத பெண்கள் எங்களுக்காகப் பின்னியவை. அத்தனையும் பெரிய உடம்புக்காரர்களின் அளவு. எனக்குக் கிடைத்த நீல ஸ்வெட்டர் கணுக்காலைத் தொட்டது. அக்காவும் நானும் ஒரே ஸ்வெட்டருக்குள் நுழைந்து, ஆளுக்கு ஒரு கையை வெளியே நீட்டிக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தோம். அந்தக் கம்பளியின் பூச்சி உருண்டை வாசம் இப்போதும் எங்காவது மூக்கில் பட்டால் நின்றுவிடுகிறேன்.

அப்புறம் மஞ்சள் நிறத்தில் மக்காச்சோள மாவு வந்தது. களி கிண்டினால் ஒட்டவே ஒட்டாது. அதற்கும் பிறகு வேறு யாரோ வந்து கைப்பம்பு ஒன்றை நட்டு, மாலை போட்டுப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். மூன்று மாதத்தில் அது வெறும் காற்றை உறிஞ்சத் தொடங்கியது. கோழிகள் அதன் மேல் ஏறி உட்கார்ந்தன.

அதனால் அன்னலிஸ் ஜீப்பிலிருந்து இறங்கியபோது யாரும் பெரிதாக நம்பவில்லை. அவர் பத்து நாள் காட்டுக்குள் நடந்தார். மிஷன் பள்ளியில் பத்தாவது முடித்திருந்த என்னை மொழிபெயர்க்கக் கூட வைத்துக்கொண்டார். நான் பெருமையடித்துக்கொண்டு திரிந்த ஆங்கிலத்துக்குக் கிடைத்த முதல் வேலை அதுதான்.

பதினோராம் நாள் கூட்டம் கூட்டினார். நாங்கள் பள்ளத்தில் இறங்கிச் சுமந்து வருகிற தண்ணீர், ஊருக்கு மேலேயும் இருக்கிறது என்றார். எஸ்டேட்டைத் தாண்டிய சோலைக்குள் கோடையிலும் வற்றாத ஊற்று. மோட்டாரும் வேண்டாம், கரன்ட்டும் வேண்டாம், குழாய் வைத்தால் தண்ணீர் தானாகவே இறங்கி வரும்.

"ஏனுங்கம்மணி, உங்க ஊர்லயும் இப்படித்தான் தண்ணிக்கு அலைவீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"எங்கள் ஊர் கடலை விடத் தாழ்வு. ராத்திரி பகலாகத் தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டே இருப்போம்" என்றார் அன்னலிஸ்.

நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் கூட்டம் சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அன்றைக்கே அவர் பெயர் அன்னலட்சுமி ஆகிவிட்டது.

இடது இடுப்பு

அக்கா பெயர் தங்கமணி. என்னை விட நான்கு வயது மூத்தவள்.

எங்கள் தண்ணீர்த்துறை கீழே ஓடைப் பள்ளத்தில் இருந்தது. இறங்க அரை மணி, ஏற ஒரு மணி. ஒரு வீட்டுக்கு நாளுக்கு நான்கு நடை. ஏழாவது படிக்கும்போது அக்கா பள்ளிக்கூடத்தை விட்டாள். யாரும் நிற்கச் சொல்லவில்லை, அவளாகத்தான் நின்றாள்.

"நீ படி கண்ணு. உன்ற கொடத்தையும் நானே எடுத்தாறேன்" என்றாள்.

மார்கழிப் பனியில் குடத்துத் தண்ணீர் தளும்பித் தளும்பி அவளுடைய இடது பக்கம் எப்போதும் ஈரமாகவே இருக்கும். இடது இடுப்பில் புண் வந்து, ஆறி, மறுபடி வந்து கறுத்துப்போயிருந்தது. படுக்கும்போது வலது பக்கம் திரும்பித்தான் படுப்பாள். அவள் முதுகோடு ஒட்டிக்கொண்டு நான் படுப்பேன். விறகுப் புகையும் பாசி பிடித்த தண்ணீரும் கலந்த ஒரு வாசம் அவளிடம் இருக்கும். வேறு யாரிடமும் அதை நான் கண்டதில்லை.

அவளுக்குப் பத்தொன்பது வயதானபோது, மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் இருக்கும் தன் தங்கை மகனுக்கு அவளைக் கொடுப்பதாக அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். அந்த ஊரில் தண்ணீர் எங்களை விடவும் தூரம்.

"அந்த ஊருக்கு என்னால ஆகாதுங்கப்பா" என்றாள் அக்கா. "எனக்கு வேற எதுவும் வேண்டாம். கொழாய் இருக்கற ஊருக்குக் கட்டிக் குடுங்க."

"நாக்கை அடக்கிப் பேசு" என்று அப்பா எழுந்து போய்விட்டார்.

அடுத்த மாதம், காப்பி மூட்டை ஏற்ற வரும் லாரியின் டிரைவர் மாணிக்கத்தோடு அவள் சேலத்துக்குப் போய்விட்டாள். அப்பா கத்தவில்லை. இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், "இனி அவ பேரு இந்த ஊட்டுல கேக்கப்படாது" என்றார். அத்தை வந்து மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து அக்காவின் நடைகளை அம்மாவும் நானும் பங்கு போட்டுக்கொண்டோம். முதல் வாரத்திலேயே என் இடுப்பில் தோல் உரிந்தது. வலியை விட, இத்தனை வருஷம் அவள் இதை ஒரு நாளும் சொல்லவில்லையே என்பதுதான் என்னை அழ வைத்தது.

பாறை

காப்பிப் பழம் பறிக்கிற வேலை ஓய்ந்து மாசி பிறந்ததும் பள்ளம் தோண்டத் தொடங்கினோம். பகலில் எஸ்டேட் வேலை. சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் பள்ளம். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குள் தண்ணீர் வந்தாக வேண்டும் என்பது ஊர் ஆசை. ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் வருகிற நேரமல்லவா.

எங்கள் தொண்ணூறு அடி பங்குனி பாதியில் முடிந்துவிட்டது. மீதி முப்பது அடியில் அப்பா அம்மாவையும் என்னையும் இறங்க விடவில்லை. "இதை நான் பாத்துக்கறேன்" என்றார். நான்காவது அடியிலேயே பாறை தட்டியது.

அன்னலிஸ் வந்து பார்த்தார். குழாயைக் கொஞ்சம் வளைத்துக்கொண்டு போகலாம், இதை விட்டுவிடச் சொல் என்றார். இந்த முறை உள்ளபடியே மொழிபெயர்த்தேன்.

"வேண்டாமுங்க அம்மணி. நான் ஒடைச்சுருவேன்" என்றார் அப்பா.

கடப்பாரையும் உளியும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சாயங்காலமும் பெயர்த்தார். காப்பி பூத்த நாட்கள் அவை. முதல் மழை விழுந்து, மலை முழுக்க வெள்ளையாகி, மல்லிகை போல வாசம் அடித்துக்கொண்டிருந்தது. அந்த வாசத்துக்கு நடுவில் டங் டங் என்று அப்பாவின் சத்தம். மற்ற வீட்டு ஆண்கள் கை கொடுக்க வந்தார்கள். அவர் விடவில்லை. யாருக்காகத் தோண்டுகிறார் என்பது ஊருக்கே தெரிந்துவிட்டது. அவரிடம் அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அம்மாபேட்டைச் சந்து

வால்வு வாங்க அன்னலிஸ் சேலத்துக்குக் கிளம்பியபோது நானும் போனேன். அக்கா அம்மாபேட்டையில் இருக்கிறாள் என்று எஸ்டேட் லாரிக்காரர் ஒருவர் முன்பே சொல்லியிருந்தார். ஒரு மணி நேரம் விடுங்கள், அக்காவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கேட்டேன். அன்னலிஸ் கடைக்காரரிடம் போகாமல் ஜீப்பைத் திருப்பி, என்னை அந்தத் தெருவிலேயே இறக்கிவிட்டார்.

தறிச் சத்தம் கேட்கிற குறுகலான சந்து. முனையில் ஒரு தெருக்குழாய். அதற்கு முன்னால் ஐம்பது அறுபது குடங்கள் வளைந்து வளைந்து நின்றன. குடம் வைக்க இடமில்லாதவர்கள் செங்கல்லை வைத்து இடம் பிடித்திருந்தார்கள். சுவரோரம், வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். வயிறு லேசாக மேடிட்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் எழுந்தாள். கட்டிப் பிடிக்கவில்லை. என் இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். ரவிக்கைக்குக் கீழே காய்த்துப்போயிருந்த இடத்தை விரலால் தடவினாள்.

"என்ற கொடத்தை உன்ற தலையில கட்டிட்டு வந்துட்டேன் பாத்தியா" என்றாள்.

"கொழாய் இருக்கற ஊருன்னுதானக்கா வந்தே?"

"கொழாய் இருக்குது ஜோதி. தண்ணிதான் இல்லை. வாரத்துல ரெண்டு நாளு உடறாங்க. அதுவும் எப்ப வருமுன்னு தெரியாது." சிரித்தாள். மாணிக்கம் மாமா நல்ல மாதிரி, ஆனால் பாதி நாள் லாரியோடு வெளியூர் என்றாள்.

நான் பள்ளத்தைப் பற்றிச் சொன்னேன். "அப்பா உன்ற பங்கையும் தோண்டறாருக்கா."

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "பேரைச் சொன்னாரா?"

"பேரைச் சொல்லலை. நாலு பேருன்னு சொன்னாரு."

"எந்தப் பக்கம் நம்ம பங்கு?"

"நாவல் மரத்துக்கு மேல."

"அங்க பாறையல்ல இருக்கும்? அவருக்குத் தோளு வலி உண்டே."

குழாயில் புஸ்ஸென்று காற்று வந்தது. வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் எழுந்தது. யாரோ யாரையோ திட்டினார்கள். அக்கா குடத்தை நகர்த்த ஓடினாள். திரும்பி வந்து, "என்னை வரச் சொன்னாரா?" என்று கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். அன்னலிஸ் சொன்னதை அப்பாவிடம் சுலபமாக மாற்றிச் சொன்னவள்தானே நான். அக்காவிடம் முடியவில்லை. "இல்லைக்கா" என்றேன்.

"அப்பறம் எப்படி வாரது சாமி?" என்று குனிந்து குடத்தை எடுத்து இடது இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் பள்ளத்தின் கரையில் நின்றுகொண்டு, "அப்பா, அக்காவைப் பாத்தேன்" என்றேன். அப்பா கடப்பாரையை நிறுத்தவில்லை. நாலைந்து குத்துக்குப் பிறகு, "எப்படி இருக்கறா?" என்றார்.

"முழுகாம இருக்குதுங்கப்பா. அஞ்சு மாசம்."

"தண்ணி?"

"தெருக்கொழாய். மூணு மணி நேரம் வெயில்ல நிக்குது."

இருட்டும் வரை உடைத்தார்.

தண்ணீர் வந்த நாள்

திருவிழாவுக்கு நான்கு நாள் முன்னால் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். முதலில் காற்று, பிறகு செம்மண் கலங்கல், பிறகு பளிங்கு மாதிரி தண்ணீர். பெண்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அம்மா ஒரு குடம் பிடித்து வீட்டு வாசலில் இறக்கி வைத்து, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். லாரிக்காரர் மூலம் அக்காவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். வருகிற பஸ் சத்தத்துக்கெல்லாம் பாதையைப் பார்த்தேன். அவள் வரவில்லை.

திருவிழா முடிந்த மறுநாள் அப்பா எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரிடம் லீவு கேட்டுவிட்டு வந்தார். வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டார். "சேலம் போவோணும். வழி காட்டு கண்ணு" என்றார்.

நடுவில் இதைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் குழாயில் பல வருஷம் தண்ணீர் வந்தது. எங்கள் ஊர்ப் பெண் பிள்ளைகள் எட்டு, ஒன்பது என்று மேலே படித்தார்கள். அன்னலிஸ் அடுத்த வருஷம் நாடு திரும்பினார். சில காலம் கடிதம் போட்டார். ஒவ்வொன்றிலும் அக்காவைக் கேட்டிருப்பார். அக்கா அவரைப் பார்த்ததே இல்லை. அப்பா இறந்து பல காலம் ஆகிறது. போன ஐப்பசியில் அக்காவும் போய்விட்டாள். மகள் வீட்டு மாடியில் கட்டிலில் கிடந்த கடைசி நாட்களிலும் வலது பக்கம் திரும்பித்தான் படுத்திருந்தாள். அவள் முதுகோடு ஒட்டிப் படுக்க எனக்கு இன்னொரு ராத்திரி கிடைக்காதா என்று ஏங்கியபடிதான் இதை எழுதுகிறேன்.

பெண்கள் வரிசையில்

சந்து முனையில் அப்பா நின்றுவிட்டார். அன்றைக்கும் தண்ணீர் விடுகிற நாள். குடங்கள் வளைந்து நின்றன.

"ஊடு எது?"

"அந்தப் பச்சைக் கதவுங்கப்பா. வாங்க."

"நீ போ. அவ கொடத்தை எடுத்துட்டு வா. நான் இங்கயே இருக்கறேன்."

உள்ளே அக்கா உட்கார்ந்தபடி கால் வீக்கத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். "வாடி" என்று முகமெல்லாம் மலர்ந்தவள், நான் இரண்டு குடத்தையும் எடுப்பதைப் பார்த்து, "இப்பத்தான வந்தே, உனக்கெதுக்கு?" என்றாள். குடங்களோடு வெளியே நடந்தேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன்.

குடங்களை அப்பாவிடம் கொடுத்தேன். அவர் வரிசைக் கடைசியில் கொண்டுபோய் வைத்து, பக்கத்தில் நின்றார். பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏனுங்க பெரியவரே, இது பொம்பளைங்க நிக்கற வரிசைங்க" என்றாள் ஒருத்தி.

"தெரியுமுங்க. என்ற பெரிய பொண்ணு முழுகாம இருக்கறா. நிக்க முடியாதுங்க. அவ பேரு தங்கமணி" என்றார் அப்பா.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவர் வாயில் அந்தப் பெயர். ஊர் பேர் தெரியாத பெண்களிடம், சத்தமாக.

எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்த அக்கா அதைக் கேட்டாள். கதவைக் கூடச் சாத்தாமல் வந்திருந்தாள். உள்ளங்கையில் எண்ணெய் மினுமினுத்தது. மெதுவாக நடந்து அவர் அருகில் போனாள்.

"எப்பங்கப்பா வந்தீங்க?"

அப்பா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. குடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வெயில்ல நிக்காத சாமி. உள்ள போயி உக்காரு. தண்ணி வந்தா நான் எடுத்தாறேன்."

அக்கா உள்ளே போகவில்லை. முந்தானையை எடுத்து அவர் தலைக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். வரிசை நகர்ந்தது. இரண்டு பேரும் ஒவ்வோர் அடியாக நகர்ந்தார்கள்.